தேடி வரும் வாடிக்கையாளரும் அரிய இசைத்தட்டும்

கொல்லிமலை திண்ணனூர் நாட்டுச் சாமை, எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போனால் எல்லா மளிகைக் கடையிலும் கிடைத்துவிடாது. "ஓடாத சரக்கு" என்று பலர் ஒதுக்கிவிடுவார்கள். ஆனாலும் அதை வைத்திருக்கும் கடையை விசாரித்துக்கொண்டு வருவோர் உண்டு. வந்தவர் பருப்பையும் எண்ணெயையும் அங்கேயே வாங்கிப் போவார். இசைத்தட்டு வியாபாரத்திலும் இதே கதைதான்.

பெரிய கம்பெனிகளை நம்பாமல், சிறு குழுவினர் தாமே பதிவு செய்து குறைந்த பிரதிகளாக வெளியிடும் இசையை 'அண்டர்கிரவுண்ட்' இசை என்கிறார்கள். பெரிய விளம்பரம் கிடையாது. ரசிகர்தான் கடை கடையாகத் தேட வேண்டும். தேடிப் போகும் கடைகளும் குறைந்து வருகின்றன. சென்னையில் பழைய இசைத்தட்டு விற்ற மூர் மார்க்கெட் 1985-ல் தீக்கிரையாயிற்று. மும்பையில் 1948-ல் தொடங்கிய ரிதம் ஹவுஸ் 2016-ல் மூடப்பட்டது.

நல்ல கடையைப் பார்த்தவுடன் அறியலாம். தட்டுகள் நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கும். படுக்க வைத்து அடுக்கினால் பாரத்தில் வளைந்துவிடும். பழைய தட்டானால் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க விடுவார்கள். கடைக்காரர் தாமும் கேட்டவராக இருப்பார். "இது பிடித்தால் அதையும் கேட்டுப் பாருங்கள்" என்பார். இல்லாததைக் குறித்துக்கொண்டு வரவழைப்பார். அரிய சரக்கில் ஒன்றிரண்டு பிரதிக்கு மேல் வாங்கி முதலை முடக்க மாட்டார்.

லண்டனில் 1976-ல் ஜெஃப் டிராவிஸ் தொடங்கிய ரஃப் டிரேட் அப்படிப்பட்ட கடை. சிறு கம்பெனிகளின் தட்டுகள் நாடெங்கும் போய்ச் சேர, பிற ஊர்க் கடைகளுடன் சேர்ந்து 'கார்ட்டெல்' என்ற விநியோகக் கூட்டமைப்பை அது நடத்தியது. ஒவ்வொரு கடையும் தன் வட்டாரத்துக்கு மொத்த வியாபாரி. 1982-ல் சில்லறைக் கடை ஊழியர்கள் கைக்கு மாறித் தனியாகப் பிரிந்தது. பெரிதாக வளர்ந்த விநியோக நிறுவனம் பணப்புழக்கம் சிக்கி 1991-ல் நொடித்தது. தனியே நின்ற கடை பிழைத்தது, இன்றும் நடக்கிறது.

விற்றுமுதல் பெருகுவது வேறு, பெட்டியில் பணம் தங்குவது வேறு என்பதை நாம் அறிவோம். மொத்த வியாபாரத்துக்கும் சில்லறைக்கும் கணக்கைத் தனித்தனியே வைப்பதன் அருமையும் இதில் விளங்கும்.

நம் கடைகளிலும் ஓர் அலமாரித் தட்டை அரிய சரக்குக்கு ஒதுக்குவோம். அளவாக வாங்குவோம். இல்லையென்று சொல்லி அனுப்பும் பொருள்களை ஒரு நோட்டில் குறித்து வருவோம். ஒரே பொருளை மூன்று பேர் கேட்டிருந்தால், அடுத்த கொள்முதலில் அதைச் சேர்க்கலாம்.