கடுகும் வடகமும்

புதுச்சேரி குபேர் அங்காடியில் கடுகு வாங்குவோர் அதன் கீரையைக் கேட்பதில்லை. பஞ்சாபிலோ, குளிர்காலம் வந்தால் கடுகுக் கீரையை மசித்து மக்காச்சோள ரொட்டியுடன் உண்பர். குளிரை விரும்பும் அப்பயிர் நம் கடற்கரைக்கு ஒத்துவருவதில்லை. நமக்குக் கடுகு என்பது விதை மட்டுமே, அதுவும் தாளிப்பதற்கே.

தாளித்த கடுகில் காரம் இராது. காரம் விதைக்குள் ஆயத்தமாக இருப்பதன்று. விதை நசுங்கி நீர் படும்போதுதான், மைரோசினேஸ் என்னும் நொதி சினிக்ரின் என்னும் பொருளைப் பிளந்து, மூக்கில் ஏறும் அந்த நெடியை உண்டாக்குகிறது. காய்ந்த எண்ணெய் நொதியை முன்னரே செயலிழக்கச் செய்துவிடுவதால் மணமே எஞ்சுகிறது. ஆவக்காய்க்குக் கடுகைப் பச்சையாகப் பொடித்துச் சேர்ப்பது இதனால்தான். பிரெஞ்சுக்காரர்கள் கடுகை அரைத்துக் காடியுடன் கலப்பதன் சூட்சுமமும் இதுவே. புளிப்பு அந்தக் காரத்தை நெடுநாள் காக்கிறது.

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்நகரில் இவ்விரு கடுகுகளும் அருகருகே வாழ்ந்தன. ஆயினும் பிரெஞ்சுச் சமையலறை இங்கிருந்து எடுத்துச் சென்றது நம் தாளிப்பு வடகத்தைத்தான். சித்திரை வெயிலில் என் பாட்டி சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் தட்டி, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டுவார். பகலில் மாடியில் காய்ந்ததை மாலையில் உதிர்த்து, மறுநாள் மீண்டும் உருட்ட வேண்டும். மழைத்தூறல் விழுந்தால் வீடே மாடிக்கு ஓடும். அந்த வடகம் இன்று 'வதுவான்' என்ற பெயரில், பொடியாக, பிரெஞ்சு மசாலா என்றே மேலைநாடுகளில் விற்கப்படுகிறது.

பெயர் போனால் போகட்டும் என்று என்னால் இருக்க முடியவில்லை. திஜோன் கடுகின் கதையைப் பாருங்கள். அப்பெயர் ஒரு செய்முறையை மட்டுமே குறிப்பதால், அதனை எவரும் எங்கும் தயாரிக்கலாம். விதையில் பெரும்பகுதி கனடாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2021-இல் அங்கு வறட்சி தாக்க, மறுஆண்டு பிரான்சின் கடைகளில் கடுகுக் குப்பிகள் காணாமற்போயின. பர்கண்டி மாநிலத்தார் முன்னெச்சரிக்கையுடன், தம் மண்ணில் விளைந்த விதையையும் தம் வெள்ளை ஒயினையும் கொண்டு செய்யும் கடுகுக்கு 2009-இலேயே ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பைப் பெற்றிருந்தனர்.

வில்லியனூர் சுடுமண் கலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்ற புதுச்சேரி, வடகத்துக்கும் முயலலாம். தஞ்சாவூர்க்காரர்கள் சண்டைக்கு வரக்கூடும். அவர்கள் வீட்டிலும் வடகம் உண்டே. இரு அரசுகளும் கூடிப் பேசித் தீர்க்கக்கூடிய வழக்குதான் அது. அதற்குள் செய்முறையை எழுதி வைப்பது அவசரம். எங்கள் தெருவில் சென்ற கோடையில் வடகம் காய்ந்தது ஒரே ஒரு மாடியில்.