தோளிலும் அரையிலும் சால்வை

குறிகட்டுவானிலிருந்து படகேறி நயினாதீவுக்கு வருவோர் பலர் என்னிடம் ஒரு வினா எழுப்புவதுண்டு. நாகபூசணி அம்மன் கோயில் வாயிலில் ஆடவர் சட்டையைக் களைகின்றனர். சற்றுத் தூரம் நடந்து நாகவிகாரையை அடைந்தாலோ, தோளையும் முழங்காலையும் மறைத்தே உட்செல்ல வேண்டும். ஒரே தீவில் இரு விதியா?

இரண்டும் பணிவைக் குறிப்பனவே, நேயர்களே. நம் வழக்கில் தோளிற் கிடக்கும் சால்வை மதிப்பின் அடையாளம். ஆதலால் மணமகனைத் தலைப்பாகையும் சால்வையும் அணிவித்து மணவறைக்கு அழைத்து வருகிறோம். சந்நிதியிலோ அதே சால்வை அரைக்கு இறங்குகிறது. தெய்வத்தின் முன் நம் பெருமையை நாமே இறக்கி வைக்கிறோம்.

ஆனால் ஒன்றை மறைத்தல் தகாது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள், மனிதர் முன்னிலையிலும் சால்வையை இறக்குமாறு வற்புறுத்தப்பட்டனர். அவர்தம் பெண்களுக்கு மேலாடையும் மறுக்கப்பட்டது. சாதியின் பேரால் ஆலயக் கதவை அடைப்பதை 1957ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. எனினும் 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது.

திருவிழாவுக்குச் செல்லும் மாணவருக்குச் சால்வை கட்டும் முறையைச் சொல்லும்போது, இதனையும் சேர்த்தே சொல்லி வருகிறேன்.