சுவரேறிக் குதித்த துப்பறிவாளர்!

கரியாலூர் டீக்கடை டி.வி.யில் ஒரு சின்ன பட்ஜெட் சண்டைப் படம். செய்யாத கொலைக்காக உள்ளே போன துப்பறிவாளர், இடைவேளைக்குள் ஜெயில் சுவரேறிக் குதித்துப் பத்துப் பேரைப் பந்தாடினார். ''பலே!'' என்றேன்.

பக்கத்திலிருந்த பெரியவர், ''எங்காளுங்களுக்குக் குதிக்கத் தெரியலை சார்...'' என்றார்.

2013 டிசம்பரில் திருப்பதி பக்கம் இரண்டு வனத்துறையினர் கொல்லப்பட்ட வழக்கு அது. தமிழகக் கூலியாட்கள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். இந்த மலைக்காரர்களும் உண்டு. விடுதலையானது 2016-ல்!

அதே வருஷம் வந்ததுதான் வெற்றிமாறனின் 'விசாரணை'. குண்டூர் போலீஸிடம் அடிபட்ட கோவை ஆட்டோ டிரைவர் மு.சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்'தான் மூலக்கதை. மூன்று தேசிய விருது வாங்கியது.

''பார்த்தீங்களா பெரியவரே?''

''அதை வேற காசு குடுத்துப் பாக்கணுமா சார்?''

என் டீ ஆறிப்போயிருந்தது.