மழைக்கு முன் வரும் காற்று

சரக்குடன் சென்னைக்கு வரும் அங்கத்தினர்கள், மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ மாலையில் மேற்கு வானம் கறுத்ததும், மழைக்கு முன்னரே குளிர்காற்று புழுதியுடன் பாய்வதைக் கண்டிருப்பர். இடிமேகத்திலிருந்து விழும் மழையில் ஒரு பகுதி நடுவழியிலேயே ஆவியாகிறது. அதனால் குளிர்ந்து கனத்த காற்று கீழிறங்கித் தரையில் மோதி, சுழலாமல் நேராகப் பரவுகிறது. பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். எனினும் தெருவில் விரித்த பாவினைச் சிக்காக்கவும், குலை தள்ளிய வாழையைச் சாய்க்கவும் அதுவே போதும். குளிர்காற்று முகத்தில் பட்டபின் பாவைச் சுருட்ட ஓடுவோரை நாம் பல ஊர்களில் பார்த்திருக்கிறோம். மேற்கே இடி கேட்கும்போதே சுருட்டுதல் வேண்டும். வாழைக்கு முட்டுக் கொடுப்பதோ குலை தள்ளியவுடன் செய்ய வேண்டிய வேலை.

புயற்காற்று வேறு. 2016 டிசம்பர் 12 அன்று ‘வர்தா’ புயல் சென்னையைக் கடந்தபோது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசியது. அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்திலும் மரங்கள் பல வீழ்ந்தன. புயலின் கண் கடக்கையில் நகரின் சில பகுதிகளில் காற்று ஓய்ந்து, பின்னர் எதிர்த்திசையிலிருந்து வீசிற்று. முதற்காற்றில் வேர் தளர்ந்த மரமும் கட்டு நெகிழ்ந்த கூரையும் மறுகாற்றைத் தாங்குவது அரிது. ஆகவே இடிமழைக் காற்று நின்றதும் தறிக்கூடத்துக் கூரையைப் பார்க்கச் செல்லலாம். புயலில் காற்று திடீரென ஓய்ந்தால், வானிலை நிலைய அறிவிப்பு வரும்வரை வெளியே இறங்கலாகாது.