வாளியில் வீணாகும் புரதம்

மீன் கழிவிலிருந்து புரதம் எடுக்கும் வழி தெரியும். தலைநகரின் மீன் கடைகளுக்கு அது எட்டாததற்குக் காரணம் நேரம்.

மேற்கு தில்லியின் ஜனக்புரியில் ஒரு கிலோ ரோகு வாங்கினால் வீட்டுக்கு வருவது ஒரு கிலோ அல்ல. கடைக்காரர் செதிலை உரசி, குடலை எடுத்து, துண்டு போட்டுத் தருகிறார். தலையை வங்காளிகள் விரும்பிக் கேட்டு வாங்குவார்கள். மற்றதெல்லாம் வாளிக்குப் போகிறது. எலும்பில்லாத துண்டுதான் வேண்டும் என்றால் மீனின் எடையில் ஏறக்குறைய பாதி கழிவுதான். இறாலிலும் தலை, ஓடு மட்டும் 40 முதல் 50 சதவீதம்.

இந்த வாளிக்கு மதிப்பு உண்டு. செதிலிலும் தோலிலும் இருப்பது கொலாஜன். எலும்பில் ஒட்டிய சதையில் இருப்பது நாம் சாப்பிடும் அதே புரதம். கொச்சியில் 1957இல் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இவற்றைப் பிரித்தெடுக்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறது.

செய்முறையில் மர்மம் ஏதுமில்லை. கழிவை அரைத்துத் தண்ணீர் கலந்து, 50 டிகிரி சூட்டில் என்ஸைம் சேர்க்கிறார்கள். பப்பாளிப் பாலிலுள்ள பப்பாயின்கூடப் போதும். புரதச் சங்கிலி துண்டு துண்டாகிறது. அந்தத் துண்டுகள்தான் பெப்டைடுகள். பிறகு சூட்டை 90 டிகிரிக்கு உயர்த்தினால் என்ஸைம் செயலிழக்கும். எலும்பையும் எண்ணெயையும் நீக்கி உலர்த்தினால் பொடி தயார். வெட்டு சரியாக அமையாவிட்டால் பொடி கசக்கும்.

இதே வகைப் பொடிதான் 'மூட்டுக்கு நல்லது' என்று டப்பாவில் விலை கூடி விற்கிறது. அந்த வாசகத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கொலாஜன் பெப்டைடு மூட்டைக் காக்கும் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2011இல் சொல்லிவிட்டது. சத்துள்ள புரதம் என்பதற்கு மேல் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பதே நல்லது.

கொச்சியிலும் வெராவலிலும் ஏற்றுமதி ஆலைகளில் மீன் ஒரே கூரையின் கீழ் வெட்டப்படுகிறது. கழிவு டன் கணக்கில், கெடுமுன் கிடைக்கிறது. தில்லியின் கதை வேறு. காஜிப்பூர் மொத்தச் சந்தைக்கு மீன் ஐஸில் முழுசாக வருகிறது. அதை வெட்டுவது ஊரெங்கும் சிதறிக் கிடக்கும் சிறு கடைகள். மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது வாளியில் இருப்பது சில மணி நேரத்தில் நாறிவிடும். நாறிய கழிவிலிருந்து மனிதர் உண்ணும் பொடி எடுக்க முடியாது.

அதற்காகக் கைவிட வேண்டியதில்லை. அரைத்த கழிவில் 3 சதவீத அளவு ஃபார்மிக் அமிலம் கலந்தால், அழுக வைக்கும் பாக்டீரியா அடங்கிவிடும். மீனின் சொந்த என்ஸைம்களே சில நாளில் அதைக் கூழாக்கும். 'சைலேஜ்' எனப்படும் இந்தக் கூழைக் கோழி, பன்றித் தீவனத்தில் சேர்க்கலாம். தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகள் மீன் கழிவில் வெல்லம் போட்டு ஊறவைத்து, 'மீன் அமினோ அமிலம்' என்று பயிருக்குத் தெளிப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

தேவை மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்பு, தினமும் வந்து எடுத்துப்போகும் ஒரு வண்டி. கூடவே, செதிலையும் குடலையும் பிளாஸ்டிக் பைகளோடு கலக்காமல் தனி வாளியில் போடும் பழக்கம்.

காஜிப்பூர் மீன் சந்தைக்குப் பக்கத்திலேயே தில்லியின் குப்பை மலை நிற்கிறது. 2017இல் அதன் ஒரு பகுதி சரிந்து இருவர் இறந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு வாளிக் கழிவு மிச்சமானாலும் லாபம்தான்.