கிளார்க்கும் ஒரு யூசர்தான்

ஃபைனல் இயர் பிராஜெக்டுக்கு அரசு சேவை ஆப் ஒண்ணு பண்றீங்கன்னு வைங்க. யூசர் யாருன்னு ரிவ்யூல கேட்டா "பொதுமக்கள்"னு சொல்லிடுவீங்க. ஆனா கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தினமும் லாகின் பண்ணப்போற ஊழியர்? அவர் தொடலைன்னா உங்க ஆப் வெறும் டெமோதான்.

கர்நாடகாவின் 'பூமி' திட்டத்தைப் பாருங்க. அங்கே விவசாயி பயிர்க்கடன் வாங்க ஆர்டிசி என்ற நில ஆவணம் வேணும். நம்ம ஊர் பட்டாவும் அடங்கலும் சேர்ந்த மாதிரி. சுமார் 9,000 கிராமக் கணக்கர்கள் அதைக் கையால் எழுதி வந்தார்கள். நகல் வேணும்னா கணக்கரைத் தேடிப் பிடிக்கணும், பல இடங்களில் லஞ்சமும் கொடுக்கணும். கம்ப்யூட்டர் வந்தால் விவசாயிக்கு லாபம். கணக்கருக்கு? மேல்வருமானமும் போகும், ஊரில் இருந்த செல்வாக்கும் போகும்.

இந்த மாதிரி திட்டம் தோற்றால் "ஊழியர்களுக்கு டிரெய்னிங் போதவில்லை" என்பார்கள். அது பாதி பதில்தான். மௌஸ் பிடிக்கத் தெரியாதது ஒரு வாரப் பிரச்சினை. தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சே ஒருத்தர் ஏன் கிளிக் பண்ணணும்?

பூமி குழு இதைப் புரிந்துகொண்டது. சுமார் 2 கோடி ஆவணங்களை ஏற்றிய பிறகு, கையால் எழுதிய நகல் இனி செல்லாது என்று அரசு அறிவித்தது. பழைய வழியே மூடிடுச்சு! 177 தாலுகா அலுவலகங்களில் கியாஸ்க், ஒரு நகலுக்கு அப்போது 15 ரூபாய். ஆபரேட்டர் என்ன டைப் பண்றார்னு விவசாயி பார்க்க அவர் பக்கமும் ஒரு திரை. பெயர் மாற்ற விண்ணப்பங்களை வந்த வரிசைப்படிதான் எடுக்க முடியும். லாகினுக்கு விரல்ரேகை. அதனால "என் பாஸ்வேர்டை யாரோ போட்டுட்டாங்க சார்" என்ற கதை எடுபடாது. கியாஸ்க்கில் உட்கார இளைஞர்களைப் புதிதாக வேலைக்கு எடுத்துப் பழக்கினார்கள்.

இன்னொண்ணு, பலர் கவனிக்காதது: திட்டத்தை நடத்திய ராஜீவ் சாவ்லா ஐஏஎஸ் பல வருஷம் அதிலேயே இருந்தார். மேலதிகாரி ஆறு மாசத்தில் டிரான்ஸ்ஃபர் ஆவார்னு தெரிஞ்சா கீழே இருப்பவர் சும்மா காத்திருப்பார், அவ்வளவுதான்.

ஆனா பூமி தொடாத இடமும் உண்டு. பெயர் மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுப்பது அப்பவும் ரெவின்யூ இன்ஸ்பெக்டர்தான். விண்ணப்பம் எத்தனாவது வரிசையில் இருக்குன்னு சாஃப்ட்வேர் சொல்லும். ஒப்புதல் கொடுக்கலாமா என்று முடிவு பண்ணுவது மனுஷர்தான்.