எண்ணெய்ச் சட்டியும் குழந்தைப் பேறும்



நான் மருத்துவன் அல்லன். கோலார் தங்கவயல் பாலகாட்டில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, டிப்ளமா படித்து, ரயில்வேயில் டீசல் எஞ்சின்களோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன். இந்தப் பொருளைப் பற்றி எழுதக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த மருமகள் ஒருத்தி அடுக்களையில் நின்று அழுததைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

என் தம்பி மகனுக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. மருமகளைக் கோயில் கோயிலாக அழைத்துப் போனார்கள். மருத்துவப் பரிசோதனைகளும் அவளுக்கே நடந்தன. குறை ஒன்றும் இல்லை என்றார்கள். அவனைப் பரிசோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. “ரீபைண்ட் எண்ணெய் ஆண்மையைக் கெடுத்துவிடும்” என்று யாரோ சொல்ல, செக்கு எண்ணெய்க்கு மாறினார்கள். அவ்வளவுதான்.

எண்ணெய் மீது பழி வந்த கதை

இந்தப் பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. 1950களில் சீனாவின் சில கிராமங்களில் சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயில் சமைத்து வந்தவர்களுக்குக் குழந்தை பிறப்பது நின்றுபோனது. பருத்திக்கொட்டையில் உள்ள காசிபால் என்ற மஞ்சள் நிறப் பொருள் விந்தணு உற்பத்தியைத் தடுக்கிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். 1970களில் அதையே ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாக 8,000க்கும் மேற்பட்டோருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு உடலில் பொட்டாசியம் குறைந்தது. சிலருக்கு மாத்திரையை நிறுத்திய பின்னும் விந்தணு உற்பத்தி திரும்பவில்லை. ஆகவே அந்த முயற்சி கைவிடப்பட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், காசிபாலை நீக்குவதே சுத்திகரிப்புதான்! கடலை, எள், தேங்காய், சூரியகாந்தி எண்ணெய்களில் காசிபால் கிடையாது. ஆகவே செக்கா, ரீபைண்டா என்பதல்ல இங்கே கேள்வி. எவ்வளவு என்பதே கேள்வி.

ஒரு சிறு கணக்கு

எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஒரு நாளைக்கு 2,000 கலோரி உணவு போதுமானவருக்கு 27 கிராம் கொழுப்பும் எண்ணெயும் போதும் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் தந்த அளவு. என் தம்பி வீட்டில் நான்கு பேருக்கு மாதம் 7 லிட்டர் செலவாகிறது. கணக்குப் பார்த்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 53 கிராம். அதாவது, அளவைப் போல் ஏறத்தாழ இரண்டு பங்கு.

எங்கள் அப்பாவும் லைன் வீட்டில் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டவர்தான். ஆனால் சங்கு ஊதியதும் சுரங்கத்தில் இறங்கி எட்டு மணி நேரம் உழைத்தார். 2001இல் சுரங்கம் மூடிய பிறகு, பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு உட்கார்ந்து போகிறார்கள், அங்கும் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், உட்கார்ந்தே திரும்புகிறார்கள். தம்பி மகனின் எடை 98 கிலோ.

தொப்பை செய்யும் வேலை

டீசல் எஞ்சினில் கவர்னர் என்று ஒரு கருவி உண்டு. வேகம் போதும் என்று தெரிந்தால் எரிபொருளைக் குறைத்துவிடும். வேகத்தைத் தவறாகக் கூட்டிக் காட்டினால், எஞ்சின் சோர்ந்திருக்கும்போதும் எரிபொருளைக் குறைக்கும். நம் உடலிலும் இதுதான் நடக்கிறது. கொழுப்புத் திசு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஈஸ்ட்ரோஜன் கூடியதும், ‘ஹார்மோன் போதும்’ என்று மூளை எண்ணி, விரைகளுக்கு அனுப்பும் கட்டளையைக் குறைக்கிறது. மேலும், விரைகள் உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு நன்கு உற்பத்தியாகும். தொடையிலும் அடிவயிற்றிலும் கொழுப்பு சேர்ந்து, நாள் முழுவதும் உட்கார்ந்தும் இருந்தால் அங்கே சூடு ஏறுகிறது.

நல்ல செய்தியும் உண்டு. டென்மார்க்கில் பருமனான ஆண்களை எட்டு வாரம் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து எடையைக் குறைத்தபோது, விந்தணுச் செறிவு ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது (2022). எடை மீண்டும் ஏறாமல் காத்தவர்களுக்கே அந்தப் பலன் நிலைத்தது.

வாசகர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்:

1. ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால் கணவன், மனைவி இருவரும் ஒன்றாகவே பரிசோதித்துக்கொள்ளுங்கள். குழந்தையில்லாத தம்பதியரில் சுமார் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது.

2. விந்தணு குறைவது ஆண்மைக் குறைவு ஆகாது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

3. மாத எண்ணெய்ச் செலவை வீட்டிலுள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் போனால் குறையுங்கள்.

4. ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாட்கள் ஆகும். ஆகவே மூன்று மாதமாவது பொறுத்திருந்து பலனைப் பாருங்கள்.

தம்பி மகன் கடைசியில் பரிசோதனைக்குப் போனான். விந்தணு குறைவு என்று தெரிந்தது. “பெரியப்பா, இத்தனை நாளும் அவளை அழவிட்டுவிட்டேனே” என்றான். இப்போது ஸ்டேஷனுக்கு நடந்தே போகிறான். எட்டு மாதத்தில் 11 கிலோ குறைந்திருக்கிறது. குழந்தை இன்னும் பிறக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் மருமகளைக் குறை சொல்லும் பேச்சு நின்றுவிட்டது.